வாலடியில் ஒரு முள்

பேய்க்கதை சொல்கிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. யாராவது "அங்கே ஒரு வெள்ளை உருவம்" என்று தொடங்கினால், எத்தனை அடி உயரம், எத்தனை மணிக்கு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து என்று கேட்டே வாயை அடைத்துவிடுவேன். முப்பது வருஷமாகப் புழு பார்த்து, அளந்து, வரைந்து, பெயர் வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்படிப்பட்ட றஞ்சனாவே இதை எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்றால் என் நிலைமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாத லீவு முடிந்து அம்பிட்டிய வீட்டுக்கு நான் திரும்பியது ஒரு திங்கட்கிழமை காலை. கண்டியில் பஸ் எடுத்து, ஏற்றத்தில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். யாரோ ஒரு தேயிலைத் துரை கட்டிய பழைய பங்களா அது. பலகைத் தரை, ஆளுயர யன்னல்கள், மழை பெய்தால் ஊறி நாறும் சுவர். அதன் மேல்மாடிதான் எங்கள் ஆய்வுகூடம்.

கடலே தெரியாத மலையில் ஆழ்கடல் புழுக்களுக்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். காரணம் சின்னது. கிழக்குக் கரைக்கு அப்பால், மூவாயிரத்து நானூறு மீற்றர் ஆழத்தில் கப்பல் அள்ளிய சேற்றில் இந்தப் புழுக்கள் இருக்கின்றன. உருண்டைப்புழுக்கள். ஒன்று ஒரு மில்லிமீற்றர்கூட வராது. ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கிளிசரினில் கிடத்தி, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து, சுற்றிவர மெழுகால் அடைக்கவேண்டும். கொழும்பு வெக்கையில் அந்த மெழுகு இளகிவிடும். அம்பிட்டியக் குளிரில் நூறு வருஷம் நிற்கும்.

வாசலில் காவல்காரர் இராஜரத்தினம் குடையை வாங்கினார்.

"வாங்கம்மா. ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி போடவா?"

"ஆர் ரெண்டு பேர்?"

"மேல கதிரை இழுபடுற சத்தம் கேட்டுச்சுங்களே. உங்களுக்கு முந்தி யாராச்சும் வந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"எலியா இருக்கும் அண்ணை."

"எலி கதிரை இழுக்குமாம்மா?"

விடிந்ததும் விசர்க்கதை கதைக்கிறாரே என்று முறைத்துவிட்டு மேலே ஏறினேன்.

யன்னலோரம் இரண்டு மேசைகள். ஒன்று என்னுடையது. மற்றது ரபீகாவுடையது. பத்தொன்பது வருஷம் அந்த மேசையில் இருந்தாள். நாற்பது நாளுக்கு முன் பேராதனை ஆஸ்பத்திரியில் உயிரை விட்டாள். புற்றுநோய்.

அவளுடைய கதிரை யன்னலைப் பார்த்து இழுபட்டுக் கிடந்தது. கூட்டுகிறவள் இழுத்திருப்பாள் என்று அதைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

ரபீகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். வேலையில் அவளைப்போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. ஓர் அளவு பிழைத்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்குவாள். நான் எதிர்மாறு, அவசரக்குடுக்கை. "றஞ்சி, ஏன் பறக்கிறீங்க? புழு எங்கயும் ஓடாது. அது மௌத்தாகி எத்தின காலம்" என்பாள். எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறோம். மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் ஒரே டப்பாவில் புரியாணி சாப்பிட்டிருக்கிறோம். அவள் போனபிறகுதான் எனக்கு வேறு சிநேகிதி இல்லை என்று தெரிந்தது.

வேலைக்கு வந்த கடைசிக் கிழமையில் அவள் ஒரு புழுவைக் கண்டுபிடித்தாள். ஒன்றே ஒன்று. அதன் வாலடியில் தடித்து வளைந்த ஒரு முள் இருந்தது. அந்தப் புழுக் குடும்பத்திலேயே யாருக்கும் இல்லாத முள். தகட்டை அடைத்து முடித்த அன்றே அவளுக்கு ஏலாமல் போனது. ஒழுங்காகப் பார்த்து வரைவதற்கு அவள் திரும்பி வரவில்லை. தகட்டைப் பார்த்தது நான்தான், முள்ளைக் கண்டதும் நான்தான். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"புதுசடி! முழுக்கப் புதுசு. உன்ர பேரைத்தான் அதுக்கு வைக்கப்போறன்."

நான் துள்ளிய துள்ளலுக்கு அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"பேரு வைக்கிறது பெரிசில்ல. சரியாப் பாத்து வைங்க, றஞ்சி."

அவள் என்னோடு பேசிய கடைசி வார்த்தை அது. எங்கள் வழக்கத்தில் ஒருவர் தன் பெயரைத் தான் கண்டுபிடித்த உயிருக்குத் தானே வைக்கமாட்டார், மற்றவர்தான் வைக்கவேண்டும். ஆகவே அவளுக்கு அதைச் செய்ய என்னை விட்டால் ஆள் இல்லை. பிள்ளை குட்டி இல்லாதவள். அவள் பெயர் இந்த உலகத்தில் நிற்பதென்றால் அந்த ஒரு தகட்டில்தான் நிற்கும்.

அன்றே தகட்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன்.

நாங்கள் வரைகிற விதத்தை இங்கே சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. நுணுக்குக்காட்டியின் பக்கத்தில் வரைகுழாய் என்று ஒரு குழாய் உண்டு. உள்ளே கண்ணாடி. கண்ணை வைத்துப் பார்த்தால் புழு தெரியும்; அதே நேரம் மேசையில் இருக்கும் தாளும், பென்சில் பிடித்த உங்கள் கையும் அந்தப் புழுவுக்கு மேலே மங்கலாகத் தெரியும். அப்படியே கோட்டின்மேல் கோடு இழுக்கவேண்டியதுதான். என் கையை எனக்கு அந்தக் குழாயில் மனப்பாடம். பெருவிரலடியில் காசளவு வட்டத் தழும்பு, பட்டம் படித்த காலத்தில் என் முதல் தகட்டுக்கு மெழுகு உருக்கியபோது சுட்டது. மணிக்கட்டில் அம்மா போட்ட மெல்லிய காப்பு.

தலை, தொண்டை, குடல், வால் என்று வரைந்து, கடைசியில் அந்த முள்ளையும் வரைந்து முடிக்க ஐந்து மணி. அறையில் ஏதோ மணம். கடற்கரை மணம் என்று நினைத்துவிடாதீர்கள். இது அடிக்கடல் சேற்றின் மணம், துருவும் அழுகின முட்டையும் கலந்த குளிர்ந்த மணம். போத்தல் திறந்தால்தான் வரும். அன்று நான் ஒரு போத்தலும் திறக்கவில்லை. அலுமாரியைப் பார்த்தேன். எல்லா மூடியும் இறுக்கமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை வந்து தாளை எடுத்தேன்.

முள் இல்லை.

தலை, தொண்டை, குடல், வால் எல்லாம் அப்படியே இருந்தன. முள் மட்டும் இல்லை. அழித்த அடையாளமும் இல்லை. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துச் சரித்துப் பார்த்தேன். பென்சில் அழுத்திய பள்ளம்கூட இல்லை. சரி, வரைய மறந்துவிட்டேன், வயது ஐம்பத்துநாலு, மறதி வரத்தானே வேண்டும் என்று திரும்ப வரைந்தேன்.

புதன்கிழமையும் இல்லை.

இந்தமுறை கறுப்பு மையால் வரைந்தேன். அச்சுக்குப் போகும் மை. பிளேட்டால் சுரண்டினால் ஒழியப் போகாது. அறையைப் பூட்டித் திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

வியாழக்கிழமை காலை முள் இருந்த இடம் வெள்ளையாக என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே இறங்கிப்போய் இராஜரத்தினத்தைப் பிடித்துக் கத்தினேன்.

"ஆர் என்ர மேசையில கை வைக்கிறது?"

"சத்தியமா யாரும் போகலம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்தும் நீங்க போனதுக்கப்புறம் கதிரை சத்தம் கேட்டுச்சு. நான் மேல ஏறலீங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

மேலே வந்து ரபீகாவின் கதிரையைப் பார்த்தேன். மறுபடியும் இழுபட்டுக் கிடந்தது.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. யன்னலுக்கு வெளியே பலாமரம் தெரியவில்லை. லைட்டைப் போட்டுக்கொண்டு, முள்ளைத் திரும்ப மையால் வரைந்துவிட்டு, இந்தமுறை நான் அசையவில்லை. எவர் வந்து அழிக்கிறார் பார்ப்போம் என்று கண்ணைக் குழாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். புழு தெரிந்தது. தாள் தெரிந்தது. மேசையில் யாருமில்லை.

சேற்று மணம் மெல்ல வந்தது. என் பாதங்களில் குளிர் ஏறியது.

பலகைத் தரையில் கதிரைக் கால் உரசும் சத்தம்.

நான் திரும்பவில்லை.

குழாய்க்குள், தாளின் ஓரத்தில், ஒரு கை வந்தது.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

அந்தக் கையில் காப்பு இல்லை, தழும்பு இல்லை. சுண்டுவிரல் நுனி உள்ளே மடிந்திருந்தது. சின்ன வயதில் ஊஞ்சலில் நசிந்த சுண்டுவிரல். பத்தொன்பது வருஷம் எனக்குப் பக்கத்தில் பென்சில் பிடித்த சுண்டுவிரல்.

அது வாலடிக்குப் போனது.

சுட்டுவிரலால் முள்ளைத் தடவியது. ஒருதரம். இரண்டுதரம். பிள்ளையின் கன்னத்தில் சோற்றுப்பருக்கையைத் துடைக்கிறமாதிரி.

மை போய்விட்டது.

பிறகு அந்தக் கை அங்கேயே நின்றது. எதற்கோ காத்துக்கொண்டு நின்றது.

என் வாயில் நமசிவாய வந்தது. கோயிலுக்கே போகாத எனக்கு அது எங்கிருந்து வந்ததோ தெரியாது. கண்ணைக் குழாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மேசையில் தாள் மட்டும் கிடந்தது. அப்படியே இருந்து அழுதேன். பயத்தில் பாதி, அவளைக் கண்ட துக்கத்தில் பாதி.

வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் ரபீகாவின் தங்கச்சி ஹபீலா அன்று வருவதாகச் சொல்லியிருந்தாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடித்து, அக்காவின் சாமான்களை எடுத்துப்போகக் கடுகண்ணாவையிலிருந்து வருகிறாள். மறுக்க மனம் வரவில்லை.

இரண்டு மணிக்கு வந்தாள். ரபீகாவின் அதே நெற்றி. கதிரையில் உட்காரச் சொன்னேன், ரபீகாவின் கதிரையைத் தவிர்த்து என்னுடையதைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடிக் கூடு, சால்வை, ஒரு தகரப் பெட்டி நிறையப் பென்சில். ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள்.

"மிஸ், ஒண்டு கேட்டா வித்தியாசமா நெனக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ."

"ராத்தா கனவுல வாரா. ஒவ்வொரு நாளும். மௌத்தானவங்க அப்பிடி வாரல்ல எண்டு எனக்கும் தெரியும். ஆனா வாரா. ஒண்டும் பேசுறல்ல. கண்ணத் தொட்டுத் தொட்டுக் காட்டுறா."

"கண்ணையோ?"

"கண்ணில்ல. இமைய." ஹபீலா தன் இமையைத் தொட்டுக் காட்டினாள். "அந்த மருந்து ஏத்தின பொறகு ராத்தாட இமையில ஒரு முடி ஈக்கல்ல. குளிப்பாட்டினது நான்தானே. ஒண்டும் ஈக்கல்ல. உழுந்த தலமுடியெல்லாம் ஒரு சீலப் பையில சேத்து வெச்சீந்தம். குளிப்பாட்டக்க உழுந்ததையும் சேத்து, எல்லாத்தையும் கபன் துணிக்குள்ள வெச்சித்தான் அடக்கின. எங்கட வழக்கம் அது. ஒடம்புல ஒண்டும் வெளியில நிக்கப்படாது. ஒண்டும் விடல்ல மிஸ். பொறகு என்னத்துக்குக் காட்டுறா?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

இமைமுடி.

ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த புழுவைக் கையால் எடுக்கமுடியாது. இடுக்கியால் எடுத்தால் நசிந்துவிடும். நாங்கள் ஈர்க்குத் துண்டின் நுனியில் ஓர் இமைமுடியை ஒட்டி வைத்திருப்போம். அதன் வளைவில் புழு தானாக ஏறிக்கொள்ளும். அவரவர் இமைமுடியை அவரவர் பிடுங்கிச் செய்வதுதான் பழக்கம். மருந்து ஏற்றத் தொடங்குமுன் ரபீகா அதைச் செய்தது எனக்குக் கண்ணுக்குள் நின்றது. யன்னலோரம் நின்று, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உழப்போகுதாம். அதுக்குள்ள ஒண்ட எடுத்து வெச்சிக்கிறேன்" என்று சொல்லி வெடுக்கென்று பிடுங்கினாள். நான்தான் பசை எடுத்துக் கொடுத்தேன்.

ஹபீலாவின் பையிலிருந்து பென்சில் பெட்டியை வாங்கிக் கொட்டினேன். அடியில் ஈர்க்கு கிடந்தது. வில்லையின் கீழே வைத்துப் பார்த்தேன்.

முடியின் நுனி முறிந்திருந்தது.

போய்த் தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்து, எண்ணெய்த் துளி விட்டு, மிக உயர்ந்த வில்லையைத் திருப்பினேன். அவசரத்தில் இதுவரை நான் செய்யாத வேலை. வாலடி முள் கண் நிறைய வந்தது. புழுவின் முள் வழவழப்பாக இருக்கும். இதில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில் அடுக்கு இருந்தது. முடிக்கே உரிய அடுக்கு. முள் வாலில் முளைக்கவுமில்லை. வாலோடு ஒட்டிக் கிடந்தது, அவ்வளவுதான்.

நடுங்கும் கையோடு அவள் கடைசியாக அடைத்த தகட்டில் அவளுடைய இமைமுடி நுனி முறிந்து விழுந்திருக்கிறது. நான் அதைப் புழுவின் உறுப்பு என்று அளந்து, வரைந்து, இனம் பிரித்து, லீவு முழுக்கப் பக்கம் பக்கமாக விவரணம் எழுதியிருக்கிறேன். சரியாகப் பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவளையே பிழையாகப் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். படம் ஒன்றைத் தவிர கட்டுரை அனுப்ப ஆயத்தம். அந்த முள்ளை மறுத்துப் பேச உலகத்தில் இரண்டாவது புழு இல்லை. ரபீகாவின் பெயர் புத்தகங்களில் ஏறிவிடும். முள் போனால் அது யாரோ எப்போதோ வேறு கடலில் கண்டு பெயர் வைத்துவிட்ட பழைய புழுதான். பெயரும் போய்விடும். அவளுக்கென்று மிஞ்ச ஒன்றுமே இல்லை.

ஹபீலாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளிறியது.

"அப்ப ராத்தாட பேரு?"

"வைக்கேலாது. இந்தக் கண்ணாடியைத் திறந்து முடியை எடுத்தனெண்டால் பேர் வைக்க ஒண்டும் இல்லை. திறக்கேக்க புழுவும் துலைஞ்சு போகலாம்."

"தொறக்காட்டி?"

"பேர் நிக்கும். அவவும் உதுக்குள்ள நிப்பா."

ஹபீலா அந்தத் தகட்டைப் பார்த்தாள். விரல் நீளக் கண்ணாடி. நடுவில் ஒரு துளி.

"பேரு வாணாம் மிஸ்," என்றாள். "ஆளத் தாங்க."

வெளியே மூடுபனி யன்னலை மூடியிருந்தது. கதவைச் சாத்தி, சாராய விளக்கைக் கொளுத்தினேன். தகட்டைச் சுவாலைக்கு மேலே பிடித்தேன். மெழுகு வளையம் கலங்கி, இளகி, வழிந்தது. சேற்று மணம் அறை முழுக்க ஏறியது. ஹபீலா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆக, அது எனக்கு மட்டும் வந்த மணம் இல்லை.

மேல் கண்ணாடியை ஊசியால் நெம்பினேன். கிளிசரின் பரந்தது. நுணுக்குக்காட்டியில் புழு சுழன்று மிதந்தது. பக்கத்தில் முடி.

என் கை ஆடத் தொடங்கியது.

ஆடும் கையோடு தொட்டால் இரண்டும் தொலையும்.

"மிஸ்," ஹபீலா கிசுகிசுத்தாள். "கதிர."

பலகையில் உரசும் சத்தம் எனக்கும் கேட்டது. நான் கண்ணை எடுக்கவில்லை.

என் மணிக்கட்டில் குளிர் பட்டது.

ஐந்து விரலின் குளிர். நாலு நேராக இருந்தது. ஒன்று மடிந்திருந்தது.

கை ஆட்டம் நின்றது.

"அவசரப்படமாட்டன்," என்றேன். "சத்தியமா அவசரப்படமாட்டன், ரபீகா."

ஊசி தானாகப் போனதா, நான் கொண்டுபோனேனா தெரியாது. முடி நுனி ஊசியில் ஏறி வந்தது. ஹபீலா நீட்டிய வெள்ளைப் பஞ்சில் அதை வைத்தேன். கண்ணுக்குத் தெரியாது. இருந்தும் இருவரும் குனிந்து பார்த்தோம். ஈர்க்கில் மிஞ்சியிருந்த முடியையும் பிரித்து அதோடு வைத்தேன். ஹபீலா பஞ்சை மடித்து, ஏதோ ஓதிக்கொண்டே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு போனாள். மஃரிப் தொழுகைக்கு முன்பே ரபீகாவின் புருஷன் பளீல் அதை மையவாடிக்குக் கொண்டுபோய் அவளுடைய கபுறில் புதைத்துவிட்டதாக அன்று இரவு போன் வந்தது. அதன்பிறகு ஹபீலாவுக்குக் கனவு வரவில்லை.

புழுவைப் புதுத் தகட்டில் கிடத்தினேன். பழைய புழுதான். பழைய பெயரையே சீட்டில் எழுதினேன். கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். அன்றைக்கு வாய்விட்டு அழுததைப்போல அவள் செத்த அன்றுகூட நான் அழவில்லை.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை. கதிரை அசையவில்லை, மணமில்லை, வரைந்தது வரைந்தபடி இருந்தது. இராஜரத்தினம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு நிறுத்திக்கொண்டார். நான் எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன்.

போன புதன்கிழமை காலை கதவைத் திறந்தேன். ரபீகாவின் கதிரை இழுபட்டிருந்தது. அவள் மேசையில் ஒரு பழைய ஆய்வுச் சஞ்சிகை விரித்துக் கிடந்தது.

என்னுடைய முதல் கட்டுரை. எனக்குப் பட்டம் வாங்கித்தந்த புழு. அதன் உறவுப் புழுக்களுக்கெல்லாம் வாயைச் சுற்றி நாலு முள். இதற்கு ஐந்து. அந்த ஐந்தாவது முள்ளில்தான் என் பெயர், வேலை, முப்பது வருஷ மரியாதை எல்லாம் நிற்கிறது.

அச்சிட்ட படத்தில் நாலு முள்தான் இருந்தது.

ஐந்தாவது இருந்த இடம் வெறும் வெள்ளை.

என் மேசை லாச்சியைத் திறந்தேன். என் முதல் ஈர்க்கை ஞாபகத்துக்காகப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒருதரமும் அதை வில்லையில் பார்க்கத் தோன்றியதில்லை. அன்று பார்த்தேன். நுனி முறிந்திருந்தது.

அந்த முதல் புழுவின் தகடு இங்கே இல்லை. இனத்துக்குப் பெயர் வைத்த முதல் மாதிரி என்பதால் வடக்கே ஒரு குளிர்தேசத்து நூதனசாலையில் அப்போதே சேர்த்துவிட்டார்கள். நாங்கள் சைவம். செத்தால் எரிப்பார்கள், சாம்பலைக் கடலில் கரைப்பார்கள். அப்போதும் நான் முழுதாகப் போகமாட்டேன் என்று அன்றுதான் விளங்கியது. உடனே மின்னஞ்சல் எழுதினேன். மாதிரியைத் திரும்பப் பார்க்கவேண்டும், தயவுசெய்து அனுப்பிவையுங்கள், அவசரம் என்று எழுதினேன்.

இன்று காலை பதில் வந்தது. பொறுப்பாளர் மரியாதையான மனிதர். முதல் மாதிரிகளை வெளியே அனுப்புவது இல்லையாம், மன்னிக்கவேண்டுமாம். தகடு பத்திரமாக இருக்கிறதாம். கீழே இன்னொரு பந்தி.

"கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பல வருஷமாகவே அந்தத் தகட்டை வரைகுழாயில் வைத்து வரைகிற மாணவர்கள் நடுவில் எழுந்து போய்விடுகிறார்கள். தாளில் இன்னொரு கை தெரிகிறதாம். பெருவிரலடியில் வட்டமான தழும்பு, மணிக்கட்டில் மெல்லிய வளையல். அது எதையோ அழிக்கப் பார்க்கிறதாம், முடியவில்லையாம். உங்களுக்கு இதைப்பற்றி ஏதாவது தெரியுமா?"

நான் உயிரோடுதான் இருக்கிறேன். காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டேன். பஸ்ஸில் மிச்சக் காசுக்குக் கொண்டக்டரோடு சண்டை பிடித்தேன்.

பதில் எழுதலாம் என்று கையை எடுத்து வைத்தேன். விரல்களில் சேற்று மணம். நகக்கண் எல்லாம் ரப்பர் துகள். நான் இன்று இன்னும் பென்சிலைத் தொடவேயில்லை.